உங்க சம்பளம் ‘ஃப்ராஜைல்’ஆ? சிவகாசியைக் கொஞ்சம் பாருங்க



ஆன்லைன்ல டின்னர் செட்டோ மிக்ஸி ஜாரோ ஆர்டர் பண்ணினா, பெட்டி மேல சிவப்பு எழுத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வரும். பக்கத்துல கண்ணாடிக் கிளாஸ் படம், கீழே ‘ஃப்ராஜைல்’னு ஒரு வார்த்தை. கொண்டு வந்தவர் அதைப் படிச்சாரா இல்லையா என்பது பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

இன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ‘ஃபைனான்ஸ் பிளாக்ல இங்கிலீஷ் கிளாஸா?’ன்னு உடனே மூடிடாதீங்க. சம்பளம், கடன், சேமிப்பு பற்றி நாம பேசுற பேச்சுல பாதிக் குழப்பம் இந்த வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுக்கிறதுலதான் இருக்கு என்பது என் கருத்து.

‘எனக்குச் சம்பளம் 22,000 தாங்க, நிலைமை ரொம்ப ஃப்ராஜைல்’ என்று நிறையப் பேர் சொல்றாங்க. அவங்க சொல்ல வர்றது ‘சம்பளம் கம்மி’, ‘நான் பலவீனமா இருக்கேன்’ என்பது. ஆனா பெட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டினவர் சொன்னது அது இல்லை. பஞ்சு மூட்டை மேல யாராவது அந்த ஸ்டிக்கரை ஒட்டிப் பார்த்திருக்கீங்களா? பஞ்சு விரலால அமுக்கினா அமுங்கும், அவ்வளவு மெத்துன்னு இருக்கும், மாடியில இருந்து தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. கண்ணாடி அதை விடப் பல மடங்கு கடினம். ஸ்டிக்கர் கண்ணாடிக்குத்தான். ஒரு பொருள் எவ்வளவு கெட்டி என்பது ஒரு கேள்வி. ஒரு அடி விழுந்தா அது என்ன ஆகும் என்பது வேற கேள்வி. ஃப்ராஜைல் என்ற வார்த்தை இரண்டாவது கேள்விக்கான பதில்.

வார்த்தை பிறந்த இடம் லத்தீன். அதில் ‘ஃப்ராங்கெரே’ என்றால் உடைப்பது. அதிலிருந்து ‘ஃப்ராகிலிஸ்’, எளிதில் உடையக்கூடியது. பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து ‘ஃப்ராஜைல்’ ஆச்சு. அமெரிக்கர்கள் கடைசி அசையைச் சுருக்கி ‘ஃப்ராஜல்’ என்பார்கள். எலும்பு முறிந்தால் டாக்டர் சொல்லும் ஃப்ராக்சரும், ஏழாம் வகுப்பில் நம்மைப் படுத்தின ஃப்ராக்ஷனும், அதாவது பின்னமும், இதே வேரில் இருந்து வந்தவைதான். உங்க மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டில் 41.276 யூனிட் என்று இருக்கும் பாருங்க, புள்ளிக்குப் பின்னால் இருக்கிற அந்த உடைந்த துண்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். வயசானவர்களைச் சொல்லும் ‘ஃப்ரெய்ல்’ என்ற சொல்லும் இதே ஃப்ராகிலிஸ்தான். பழைய பிரெஞ்சு வழியாக முன்னாடியே வந்ததால் தேய்ந்து போன உருவம்.

எனக்கு இதில் பிடித்த பகுதி வேற. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்கு வந்தபோது ஃப்ராஜைல் என்ற சொல்லை முதலில் மனுஷனுக்குத்தான் பயன்படுத்தினாங்க. மன உறுதி இல்லாதவன், சபலத்துக்குச் சறுக்கி விழக்கூடியவன் என்று அர்த்தம். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அந்தச் சொல் அப்புறம்தான் வந்தது. முதலில் குணத்தைக் குறை சொல்லப் பயன்பட்ட வார்த்தை, பிறகு பொருளோட அமைப்பைச் சொல்லும் வார்த்தையா மாறியிருக்கு.

பண விஷயத்தில் நம்ம வீடுகள் இன்னும் அந்தப் பழைய அர்த்தத்திலேயே நிக்குது. மாசக் கடைசியில ஒரு பையன் 2,000 ரூபாய் கைமாத்து கேட்டா, ‘பொறுப்பு இல்ல, ஊதாரி, காபி ஷாப்புல காசைக் கரைக்கிறான்’ என்று குணத்துக்கு மார்க் போட ஆரம்பிச்சிடுவாங்க. யூடியூப்ல என்னை மாதிரி பேசுற ஆட்களும் இதுக்கு உடந்தை. 150 ரூபாய் காபியை விட்டா கோடீஸ்வரன் ஆகலாம் என்கிற கணக்கை எத்தனை பேர் போட்டுக் காட்டியிருக்காங்க! காபி குடிக்கிறவர் எல்லாரும் உடைஞ்சு போறதில்லை. காபியே குடிக்காத, ஒரு ரூபாய்க்குக் கணக்கு எழுதுற ஆட்கள் உடைஞ்சு போனதும் உண்டு. எப்படிக் கட்டி வச்சிருக்கோம் என்பதுதான் விஷயம்.

தமிழ் இதைக் கொஞ்சம் நுணுக்கமாகவே பிரிச்சு வச்சிருக்கு. கண்ணாடி உடையும், குச்சி ஒடியும், எலும்பு முறியும், அப்பளம் நொறுங்கும், கயிறு அறும். ஒவ்வொரு பொருளும் தன் வழியில போகும் என்பதை நாம தனித்தனி வினைச்சொல்லா வச்சுக்கிட்டோம். பணத்துக்கும் ஒண்ணு இருக்கு. ‘நல்லா வாழ்ந்த குடும்பம், நொடிச்சுப் போச்சு’ என்பார்கள். நொடிப்பது என்றால் கால் ஒடிந்து நொண்டுவது. பாங்க்ரப்ட் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு மூலம் இத்தாலியில் ‘உடைந்த பலகை’, பணம் மாற்றுகிறவர் உட்கார்ந்து தொழில் பண்ணின பெஞ்சு. அங்க பெஞ்சு உடைஞ்சது, இங்க கால் ஒடிஞ்சது.

இன்னொரு சொல் ‘வெடி’. விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் காட்டைக் கோடையில பார்த்தவங்களுக்கு இது உடனே பிடிபடும். ஈரம் போனதும் நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். பாதத்துல வர்றது பித்தவெடிப்பு. பருத்திக் காய் வெடிக்கும். சாத்தூரிலிருந்து சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் போகும் ரோட்டில் வேப்பமரத்தடியில் சின்னச் சின்ன அறைகளாகத் தெரியுமே, அங்கே செய்வதும் வெடிதான். விரிசல் விடுவதற்கும் டமார் என்று சிதறுவதற்கும் தமிழில் ஒரே சொல். இங்கிலீஷிலும் அப்படித்தான், ‘கிராக்’ என்றால் விரிசல், ‘கிராக்கர்’ என்றால் பட்டாசு.

சிவகாசிக்கு வந்துட்டோம், இங்கேயே கொஞ்ச நேரம் நிற்போம். ஏன்னா உழைப்பைக் குறை சொல்லவே முடியாத ஒரு ஊர் எப்படி ஃப்ராஜைலா இருக்க முடியும் என்பதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மழை கம்மி, வெயில் அதிகம், விவசாயத்தை நம்ப முடியாத பூமி. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள், 1923ல் இங்கே தொழில் தொடங்கியது. ஈரம் இல்லாத காற்று, விவசாயத்துக்குச் சாபம், தீக்குச்சிக்கும் மருந்துக்கும் வரம். 1940ல் வெடிபொருள் விதிகள் வந்த பிறகு முறையா லைசென்ஸ் வாங்கிப் பட்டாசு ஆலைகள் எழுந்தன. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சு வேணும், அப்படியே அச்சுத் தொழிலும் வளர்ந்தது. குட்டி ஜப்பான் என்ற பேர் நேரு வைத்தது என்று ஊரில் பெருமையாச் சொல்வாங்க. இன்றைக்கு இந்தியாவில் வெடிக்கிற பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்தில் செய்ததுதான்.

இப்ப ஸ்டிக்கரை எடுங்க. வருஷம் முழுக்க உற்பத்தி, ஆனா விற்பனையில் பெரும்பகுதி ஒரே ஒரு பண்டிகைக்கு. சரக்கு போன பிறகு பணம் திரும்பி வர்றது தீபாவளி முடிஞ்சு. வேலை செய்றவங்களில் பலருக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில், அதுக்கும் மேல முன்பணம் வாங்கியிருப்பாங்க. முன்பணம் வாங்கினா அது கழியற வரைக்கும் வேற இடம் பார்க்க முடியாது. நீங்க கடன் ஆப்புல சம்பள அட்வான்ஸ் எடுக்கிறீங்களே, அதே சங்கிலிதான், இங்க நோட்டுல எழுதுவாங்க, அங்க ஆப்புல எழுதுவாங்க.

2018 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, சரவெடி கூடாது, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுதான் இனி, வெடிக்க இரண்டு மணி நேரம்தான். (தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நாம பிரிச்சு வெடிக்கிறோமே, அது அப்போ வந்ததுதான்.) பேரியம் நைட்ரேட் பச்சை நிறத்துக்கு மட்டும் இல்லை, கம்பி மத்தாப்பு உட்படப் பல அயிட்டங்களுக்கு அதுதான் மருந்தின் அடிப்படை. அந்த வருஷம் தீபாவளி முடிஞ்சதும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2020ல் இன்னொரு அடி. தீபாவளி நவம்பர் 14. ராஜஸ்தான் அரசு நவம்பர் முதல் வாரத்தில் விற்பனைக்குத் தடை போட்டது, வேறு சில மாநிலங்களும் சேர்ந்துகொண்டன, நவம்பர் 9ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரம் முழுக்கத் தடை விதித்தது. பண்டிகைக்கு ஐந்து நாள். அதுக்குள்ள சரக்கு எல்லாம் லாரி ஏறி எப்போவோ போயாச்சு.

தீர்ப்புகள் சரியா தப்பா என்பதை இந்தக் கட்டுரையில் பேசப் போவதில்லை. டெல்லியில் குளிர்காலத்தில் மூச்சு விடுகிற குழந்தையோட நுரையீரலும் ஃப்ராஜைல்தான். நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: அடி வந்த நாளுக்கு முந்தின நாள் வரை இந்த ஊரைப் பார்த்து யாரும் ‘பலவீனம்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆர்டர் இருந்தது, உழைப்பு இருந்தது, சந்தை முழுக்கக் கையில் இருந்தது. எல்லாமே ஒரு பண்டிகை, ஒரு ரசாயனம், ஒரு உத்தரவு என்ற மூணு முடிச்சுல தொங்கிச்சு. அதே ஊரின் அச்சுத் தொழிலைப் பாருங்க. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க, ஜூன் மாசத்துக்கு நோட்டுப் புத்தகம், தேர்தல் வந்தா போஸ்டர், நடுவுல லேபிளும் அட்டைப்பெட்டியும். அதுக்கும் அடி விழாம இல்லை, ஆனா எல்லா அடியும் ஒரே நாளில் விழாது.

இப்ப உங்க பக்கம் திரும்புவோம்.

இரண்டு பேரை எடுத்துக்குவோம், கணக்குக்காக. ஒருத்தருக்குக் கைக்கு 35,000 வருது. வாடகை 9,000, பைக் இஎம்ஐ 4,200, ஃபோன் இஎம்ஐ 2,500, பர்சனல் லோன் 6,800, ஊருக்கு அனுப்புறது 8,000. கூட்டினா 30,500. பேங்கில் இருப்பது 18,000. இன்னொருத்தருக்குச் சம்பளம் 24,000தான். வாடகை, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் சேர்த்துக் கட்டாயச் செலவு 15,000. இஎம்ஐ கிடையாது. சேர்த்து வச்சது 75,000.

சம்பளம் நின்னு போச்சுன்னா முதலாமவர் சுமார் 18 நாள் தாங்குவார். இரண்டாமவர் 5 மாசம். சொந்தக்காரங்க கல்யாணத்தில் ‘நல்ல வேலையில இருக்கான்’ என்று முதலாமவரைத்தான் காட்டுவாங்க.

இந்தக் கணக்கை உங்களுக்கும் போட்டுப் பாருங்க. உடனே எடுக்கக்கூடிய பணத்தை மாதக் கட்டாயச் செலவால் வகுங்க. வர்ற எண்தான் நீங்க எத்தனை மாசம் உடையாம நிப்பீங்க என்பது. பிஎஃப் பணம், அம்மா நகை, நண்பன் திருப்பித் தர வேண்டிய 10,000 இதெல்லாம் இதில் சேராது. குறிப்பா அந்த நண்பன்.

மண்பானை வாங்கும்போது நம்ம பாட்டிமார் விரலால சுண்டிப் பார்க்காம வாங்கவே மாட்டாங்க. ணங்குன்னு சத்தம் வந்தா நல்ல பானை, பொத்துன்னு கேட்டா எங்கயோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடிச்சிடும். உங்க பட்ஜெட்டையும் அப்படிச் சுண்டிப் பாருங்க. இரண்டு மாசம் சம்பளம் லேட்டானா என்ன ஆகும்? அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் 2 லட்சம் கட்டச் சொன்னா எங்க போவீங்க? நீங்களே ஆறு மாசம் படுத்துட்டா? வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இதில் எங்கயும் வரவே இல்லை, கவனிச்சீங்களா?

இந்த மாவட்டத்திலேயே ஒரு குடும்பக் கதை இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்ச குடும்பம்தான். விருதுநகருக்கு விருதுபட்டி என்று பேர் இருந்த காலம். 1903ல் காமராஜர் பிறந்தார். அப்பா குமாரசாமி தேங்காய் வியாபாரி, ஓரளவு வசதியான வீடு. பையனுக்கு ஆறு வயசு இருக்கும்போது அப்பா திடீரென்று இறந்துபோனார். சம்பாதித்தது அவர் ஒருவர்தான். அம்மா சிவகாமி அம்மாள் என்ன செய்தார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் உண்டு: கம்மலைத் தவிர நகைகளை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் போட்டு, மாதா மாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார்.

ஃபைனான்ஸ் ஆட்கள் இந்தக் கதையைக் கேட்டதும் ‘பாருங்க, நகையை வித்து இன்கம் உண்டாக்கினாங்க’ன்னு கைதட்டுவாங்க. எனக்குக் கைதட்டத் தோணலை. அந்தப் பணம் அடுப்பை அணையாம பார்த்துக்கிச்சு, அவ்வளவுதான் முடிஞ்சது. பையன் பன்னிரண்டு வயசைத் தாண்டுறதுக்குள்ள பள்ளிக்கூடத்தை விட்டுட்டு மாமா கடைக்கு வேலைக்குப் போனார். அவர் காமராஜர் ஆனதால் நமக்குக் கதை தெரியும். அதே தெருவில், அதே மாதிரி அப்பாவை இழந்து, கடைக்குப் போய், கடையிலேயே நின்னு போன பிள்ளைகள் எத்தனை பேரோ.

உங்க சம்பளத்தை நம்பி யாராவது ஒருத்தர் இருந்தாலும் டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்க என்று நான் வீடியோவுக்கு வீடியோ கத்துறது இதனாலதான். ‘கம்பெனியில இருக்கு’ என்பீங்க. பிஎஃப் கணக்கோட வர்ற இடிஎல்ஐ காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம். இருக்கட்டும், நல்லது. ஆனா முன்னாடி பார்த்த 35,000 சம்பளக்காரரோட வீட்டுக்கு அது 20 மாசச் சம்பளம். குழந்தைக்கு ஆறு வயசுன்னா எட்டு வயசு ஆகும்போது தீர்ந்து போயிருக்கும். கம்பெனி தர்ற ஹெல்த் இன்ஷூரன்ஸும் வேலை இருக்கிற வரைக்கும்தான். வேலை போன மாசமே அம்மாவுக்கு நெஞ்சுவலி வராதுன்னு எந்த ஹெச்ஆரும் எழுதித் தர மாட்டார். சின்னதா இருந்தாலும் சொந்தமா ஒரு பாலிசி வச்சுக்கோங்க.

அடுத்து, பட்டாசு ஆலையின் அமைப்பைப் பற்றி ஒரு விஷயம். அதுக்கு முன்னாடி ஒண்ணைச் சொல்லிடறேன். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் செத்துப் போனாங்க. 2021 பிப்ரவரி 12ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இந்தச் சாவுகளை உங்க கிரெடிட் கார்டு பாக்கிக்கு உவமையாக்குறது அசிங்கம், நான் அதைச் செய்ய மாட்டேன். அங்க உடைஞ்சது பட்ஜெட் இல்லை. மனுஷ உடம்பு.

ஆனா அந்தச் சாவுகளைத் தடுக்கத்தான் ஒரு அமைப்பு உருவாச்சு. பெரிய கட்டடம் ஒண்ணுக்குள்ள எல்லாரையும் உட்கார வைக்காம, சின்னச் சின்ன அறைகள். அறைக்கும் அறைக்கும் இடைவெளி. மருந்து கலக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்து கையிருப்பும் அளவோடுதான். விபத்தே நடக்காது என்று விதி எழுதினவர் நம்பலை. நடந்தே தீரும் என்று வச்சுக்கிட்டு, ஒரு அறையில் நடந்தது அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்று யோசிச்சிருக்கார். பெரிய விபத்துகளைப் பற்றிப் பிறகு வர்ற செய்திகளில் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான் இருக்கும்: உள்குத்தகை, அவசர ஆர்டர், நாலு பேர் இடத்தில் பத்து பேர், மரத்தடியில் பரப்பி வச்ச மருந்து. இடைவெளியைத் தின்னுட்டாங்க என்று அர்த்தம்.

நம்ம பண விஷயத்தில் அந்த இடைவெளி எங்க இருக்குன்னு பாருங்க. சென்னையில் ஐடி வேலை. மனைவிக்கும் ஐடி. ஓஎம்ஆரில் ஃப்ளாட், இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டி வாங்கின லோன். சேமிப்பு ஐடி செக்டார் ஃபண்டில், போதாததுக்குக் கம்பெனி கொடுத்த ஷேர் வேற. பேப்பரில் இது நாலு சொத்து. நிஜத்தில் ஒரே அறைக்குள் நாலு மூட்டை மருந்து. அமெரிக்காவில் ஒரு மந்தம் வந்தா இரண்டு வேலையும் ஆடும், ஃபண்டும் விழும், ஷேரும் விழும், அந்த நேரத்தில் ஃப்ளாட்டை விற்கப் போனா அந்த ஏரியாவில் எல்லாருமே விற்க நிற்பாங்க. ‘டைவர்சிஃபை பண்ணியிருக்கேன் சார், 11 ஃபண்ட் வச்சிருக்கேன்’ என்று சொல்றவங்க கிட்டயும் இதையே கேட்கிறேன்: 11 அறையா, ஒரே அறைக்கு 11 கதவா?

அவசர நிதியை எஃப்டியிலோ லிக்விட் ஃபண்டிலோ வையுங்க, சம்பளம் வர்ற கணக்கிலேயே வைக்காதீங்க. ஜிபே பண்ணும்போது கண்ணில் படும் பணம் தங்காது. பேங்க் டெபாசிட்டுக்கு டிஐசிஜிசி காப்பீடு 2020 பிப்ரவரியில் இருந்து ஒரு பேங்கில் ஒருவருக்கு 5 லட்சம் வரைக்கும்தான். அதுக்கு மேல இருந்தா இரண்டு பேங்கில் பிரிச்சுப் போடுங்க. நம்மில் பலருக்கு அது இனிமேல் வர வேண்டிய பிரச்சினை, சரி.

இந்த இடத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லாம போனா திட்டுவீங்க. நசீம் நிக்கோலஸ் தலேப் 2012ல் எழுதின ‘ஆன்டிஃப்ராஜைல்’. ஃப்ராஜைலுக்கு எதிர்ச்சொல் ‘உறுதி’ இல்லை, அடி விழ விழ இன்னும் வலுவாகிற பொருள்தான் எதிர்ச்சொல் என்பது அவர் வாதம். ‘கவனமாகக் கையாளவும்’ என்ற பார்சலுக்கு எதிர் ‘தயவுசெய்து தூக்கிப் போடவும்’ என்று எழுதின பார்சலாத்தானே இருக்கணும் என்று கேட்கிறார். அருமையான யோசனை, ஒத்துக்கறேன். ஆனா அதைப் படிச்சுட்டு நம்ம ஊரில் 25 வயசுப் பிள்ளைகள் ‘மார்க்கெட் விழட்டும் ப்ரோ, நான் ஆன்டிஃப்ராஜைல்’னு எஃப் அண்ட் ஓவில் இறங்குறதைப் பார்க்கும்போது வயிறு கலங்குது. தலேப் ஆப்ஷன் வியாபாரத்திலேயே வருஷக்கணக்கா இருந்தவர். உங்ககிட்ட இருப்பது 18 நாளுக்கான பணம். அடியில் வளர்றது இருக்கட்டும், முதலில் அடியில் உடையாம இருப்போம்.

‘சார், எல்லாம் சரி, சேர்க்கவே முடியலையே, வீட்டுக்கு அனுப்பினா மிச்சம் ஒண்ணும் இல்லையே’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஆறு மாசச் செலவைச் சேர்த்து வை என்று சொன்னா, 15,000 செலவுக்காரருக்கு அது 90,000. பார்த்த உடனே மலைச்சுப் போய் விட்டுடுவார்.

விருதுநகர்க்காரங்க இதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு வழி வச்சிருந்தாங்க. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலா பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைப்பாங்க. உலை வைக்க அரிசி அளக்கும்போதே ஒரு கைப்பிடி தனியாப் போயிடும். சமைச்ச பிறகு மிச்சம் இருந்தா எடுத்து வைக்கிறது இல்லை. கடை வீதியில் அதுக்குப் பேர் மகிமை. வியாபாரம் ஆகிற சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை, லாபமா நஷ்டமா என்று கேட்காம உறவின்முறைப் பொது நிதிக்குப் போகும். அந்தச் சில்லறையில்தான் பேட்டைகளும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. ஒரு சாதி தனக்குள்ள செய்துகொண்ட ஏற்பாடு அது, அதை மறைக்க வேண்டாம். ஆனா பணத்தைக் கையாண்ட விதம் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

அதனால 90,000 என்ற எண்ணை மறந்துடுங்க. சம்பளம் கிரெடிட் ஆகிற மறுநாளே போகிற மாதிரி 1,500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. அதுதான் உங்க பிடி அரிசி. பத்து மாசத்தில் கட்டாயச் செலவு ஒரு மாசத்துக்கானது கையில் இருக்கும். முன்னாடி சொன்ன முதலாமவரா இருந்தா, ஃபோன் இஎம்ஐ முடிகிற மாசத்தில் அந்த 2,500ஐ அப்படியே ஆர்டி பக்கம் திருப்பி விடுங்க. புது ஃபோன் வந்திருக்குன்னு மெசேஜ் வரும். வரட்டும். இன்கிரிமென்ட் வரும்போதும் போனஸ் வரும்போதும் மகிமைக் கணக்குதான், நூத்துக்கு இவ்வளவுன்னு முதலிலேயே எடுத்துடுங்க. தீபாவளி போனஸில் இருந்து ஒரு பங்கை அப்படி எடுத்து வச்ச பிறகு, மிச்சத்தில் தாராளமா நாலு பெட்டி பட்டாசு வாங்குங்க. பெட்டி மேல பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் கோடும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

உங்க எண் எத்தனை மாசம் வந்ததுன்னு கணக்குப் போடறதுக்கு ஒரு ஷீட் தயார் பண்ணிட்டு இருக்கேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல போடறேன். அதுவரைக்கும் ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.